நீ பூசிய தூசி

ஆள்காட்டி விரல் நுனியில் பசை காய்ந்து இன்னொரு தோல்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று சிதம்பரத்திலிருந்து திரும்பியபின் பலமுறை கை கழுவியும் போகவில்லை. நகத்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டேதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உரிந்து வரும் துணுக்கில் பொடிப்பொடியாக மண். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு நிறம். நீ பக்கத்தில் இருந்தால் என் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த ஊர் மண் என்று சொல்லியிருப்பாய்.

நாம் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டதே இல்லை. படிக்கும்போது தினமும் பஸ்ஸில் பார்த்துக்கொண்டோம். உனக்குக் கல்யாணமாகி நீ சிதம்பரத்துக்கே போய்விட்ட பிறகு போனில் பேசிக்கொண்டோம். எழுதுகிற அளவுக்கு எதுவும் மிஞ்சியதில்லை. நீ கண்ணை மூடி இரண்டாவது பொங்கல் வரப்போகிறது. இப்போது உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று நடந்திருக்கிறது. உன் பஸ்ஸைப் பற்றியது.

புதன்கிழமை மத்தியானம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அலுவலகக் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். போனில் உன் வீட்டுக்காரர் ஒரு படம் அனுப்பியிருந்தார். சமையல் மேடையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் நீ செய்த பஸ். ஒரு சாண் நீளம், பச்சை நிறம், கண்ணாடித் தாளில் வெட்டிய ஜன்னல்கள், பின்னால் ஏணி. அந்த பஸ்ஸை அவ்வளவு பளபளப்பாக நான் பார்த்ததே இல்லை. கீழே எழுதியிருந்தார்: “ஒரே தூசி சிஸ்டர். ஷாம்பு போட்டுக் கழுவிட்டேன். புதுசு மாதிரி ஆயிடிச்சி பாருங்க. மீதியெல்லாம் நாளைக்கு.”

டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து நிழலில் நின்றேன்.

அவர் கழுவி ஊற்றியது உன் கைவேலை. அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்குத்தான் தெரியும். பஸ்ஸின் உடம்பை வெட்டி ஒட்டி வண்ணம் அடிக்க உனக்கு எவ்வளவு நாள் ஆனதோ, அதைவிட அதிக நாள் ஆனது அதன் பக்கவாட்டிலும் சக்கரங்களுக்கு மேலும் ஏணியின் கீழ்ப்படிகளிலும் அந்தப் புழுதியை ஏற்றுவதற்கு. புது பஸ் செய்ய யாராலும் முடியும், ஓடின பஸ் செய்வதுதான் கஷ்டம் என்பாய். அந்த ஓட்டத்தைத்தான் அவர் ஷாம்பு போட்டு எடுத்திருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. உன் மகளை ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையன் சென்னையில் அவளோடு வேலை பார்ப்பவன். அவர்கள் இருவரும் முடிவு செய்துவிட்டார்கள்; பெரியவர்கள் வந்து பார்ப்பது முறைக்காக. வீட்டுக்கு வெள்ளையடித்து, கூடத்துக்குக் கண்ணாடி அலமாரி ஒன்று வாங்கி, மாடி அறை ஷெல்ஃபில் நீ வைத்திருந்ததையெல்லாம் இறக்கி அதில் வைத்துக் காட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. உன் கரும்பு டிராக்டர், கீழ வீதிப் பூக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, துறைமுகத்துப் படகு எல்லாம். வருகிறவர்களிடம் இது அவளோட அம்மா செய்ததென்று சொல்லவேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்து கழுவியிருக்கிறார்.

உடனே போன் செய்தேன். மீதியைத் தொடாதீர்கள் அண்ணா, சனிக்கிழமை நானே வந்து சுத்தம் செய்து தருகிறேன் என்றேன். உங்களுக்கு எதுக்கு சிரமம் என்றார். சிரமமில்லை, ஆசையாக இருக்கிறது என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

சனிக்கிழமை வரைக்கும் அதே யோசனைதான். சொன்னால், பிரியத்தோடு செய்த ஒரு காரியத்தால் உன் வேலையை அழித்துவிட்டோமே என்று அந்த மனிதர் மிச்ச காலம் முழுக்க நொந்துபோவார். அதுவும் மகளுக்கு நல்லது நடக்கிற வீட்டில். சொல்லாவிட்டால், இந்த முறை நான் காப்பாற்றினாலும் அடுத்த வெள்ளையடிப்பின்போது மீதியும் குழாயடிக்குப் போய்விடும். பிறகு கண்ணாடிக்குள் இருப்பவை கடையில் வாங்கிய பொம்மை போலத்தான் இருக்கும். நீ அதில் இருக்கமாட்டாய்.

சனிக்கிழமை காலை முதுநகரில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நாம் போய்வந்த ரோடு இல்லை இப்போது. நாலு வழிச் சாலையாக்கி, ஊர்களையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். ஆலப்பாக்கம் எப்போது போனதென்றே தெரியவில்லை. உன்னோடு போகும்போது எல்லா ஊரும் தெரியும். நீ புதுநகர் பஸ் நிலையத்தில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருப்பாய். கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பவர்கள் மத்தியில், நீ டிபன் பையை வைத்துக்கொண்டு, உட்கார வருகிறவர்களிடம் சாம்பார் கொட்டிவிட்டது, சீட்டு ஈரம் என்று வருத்தமாகச் சொல்வாய். முதுநகரில் ஏறி நான் அந்த ஈர சீட்டில் உட்காரும்போது எதிரில் நிற்பவர்கள் பார்க்கும் பார்வையை என்னால் தாங்க முடியாது. நீ ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டு வருவாய்.

ஒருநாள் ஆலப்பாக்கத்தில் டயர் பஞ்சராகி பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி நிழல் தேடிப் போனார்கள். நீ மட்டும் பஸ்ஸின் பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். கண்டக்டர் வந்து, “என்னாம்மா, டயரு மாத்தத் தெரியுமா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே. தூசியப் பாக்குறேன்” என்றாய்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆனால் அன்றைக்குத்தான் எனக்கும் காட்டினாய். சக்கரத்துக்குப் பின்னால் தூசி விசிறிபோல விரிந்து மேலே ஏறுகிறது. ஜன்னல் கிட்டே போகப்போக மெலிகிறது. படிக்கட்டு ஓரத்தில் ஆட்கள் உரசி உரசி, தூசி நிற்காமல் பச்சை வண்ணமே தெரிகிறது. டீசல் மூடிக்குக் கீழே மட்டும் எண்ணெய் வழிந்த தடத்தில் கறுப்பாகக் கெட்டித்திருக்கிறது. “ரோட்டுத் தூசி கீழேருந்து மேல ஏறும். வீட்டுத் தூசி மேலேருந்து கீழ எறங்கும். ரெண்டும் வேற வேறடி” என்றாய். பிறகு உன் டிக்கெட்டை விரித்து, மட்கார்டிலிருந்து ஒரு சிட்டிகை சுரண்டி அதில் போட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய். டிக்கெட் பரிசோதகர் ஏறியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிறகு கேட்டேன். பிரித்துக் காட்டியிருப்பேன், டிக்கெட்டும் அவங்களுது, தூசியும் அவங்களுது என்றாய்.

அப்போது நீ அந்த பஸ்ஸைத்தான் செய்துகொண்டிருந்தாய். கல்யாணப் பத்திரிகை அட்டைதான் கெட்டியாக இருக்கும் என்று யார் வீட்டில் கல்யாணம் முடிந்தாலும் போய்ப் பத்திரிகை கேட்பாய். வெட்டி ஒட்டியபின் தண்ணீர் ஏறாமலிருக்க உள்ளும் புறமும் வார்னிஷ் அடித்தாய். பஸ்ஸைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிவயிற்றில் தங்க எழுத்தில் யாருடைய சுபமுகூர்த்தமோ இப்போதும் தெரிகிறது. டிக்கெட்டில் மடித்து வந்த மண்ணை வெயிலில் காயவைத்துப் பழைய நைலான் துப்பட்டாவில் சலித்தாய். பசையைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பஸ்ஸின் பக்கத்தில் தொட்டு, அது பாதி காய்கிற பதத்தில் துணிமுனையால் மண்ணை ஒற்றி ஒற்றி ஏற்றினாய். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிப்பதாகப் பேர். உன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போட்டோ கடையில் ஃபிலிம் ரோல் டப்பாக்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு ஊர்ப் புழுதியையும் அதில் சேர்த்தாய். முதுநகர் மண் கடல்மணல் கலந்து வெளுப்பு. சேத்தியாத்தோப்பு வண்டல் காய்ந்தால் சாம்பல் நிறம். திருவதிகைக் கோயிலுக்குப் போனபோது எல்லோரும் திருநீறு மடித்துக்கொண்டு வர, நீ செம்மண்ணையும் மடித்துக்கொண்டு வந்தாய். டப்பாக்கள் மேல் பேர் எழுதி வை என்றால், எதற்கு, பார்த்தாலே தெரியாதா என்பாய்.

அந்த வருஷ டிசம்பரில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்க அந்த பஸ்ஸைக் கொண்டுவந்தாய். பெத்லகேமில் பஸ் ஏதுடி என்றேன். “கணக்கெடுப்புக்குப் பேரு குடுக்கணும்னு எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போனாங்கன்னு நீதானே சொன்ன? மாசமா இருக்குற பொண்ணக் கழுதையில ஏத்திக்கிட்டுப் போறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்” என்றாய். ஒட்டகங்களுக்கும் ஆட்டிடையர்களுக்கும் நடுவில், வைக்கோலில், கடலூர் – சிதம்பரம் பஸ் நின்றது.

மறுநாள் பார்த்தால் என் அம்மா முந்தானை நுனியை நனைத்து அதன் ஒரு பக்கத்தைத் துடைத்துவிட்டிருந்தாள். குழந்தையேசு படுக்கிற இடத்தில் அழுக்கு பஸ்ஸையா வைப்பார்கள் என்று அவளுக்கு ஆதங்கம். நீ சாயங்காலம் வந்தபோது நான் கதவோரம் நின்றுகொண்டேன். நீ பஸ்ஸை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாய். அம்மாவிடம், “நல்லாத் தொடச்சிருக்கீங்கம்மா. இந்தப் பக்கம் மழை பேஞ்ச ஊரு, அந்தப் பக்கம் பேயாத ஊருன்னு வச்சிக்குவோம்” என்றாய். அது அழுக்கில்லை, அவள் பூசியது என்று நான் சொன்னதும் அம்மாவுக்கு முகம் சின்னதாகிவிட்டது. எத்தனை நாள் வேலையோ, போயிடிச்சே என்றாள். நீ பஸ்ஸின் துடைத்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே சொன்னாய்: “போனா மறுபடி போட்டுக்கலாம்மா. ரோட்டுல தூசிக்கா பஞ்சம்?”

பொங்கல் லீவில் மறுபடி போட்டாய். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது இந்த வார்த்தைதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போனா மறுபடி போட்டுக்கலாம். ஆனால் அன்றைக்குப் போட நீ இருந்தாய்.

உன் வீட்டுக்காரர் பஸ் நிலையத்துக்கே வண்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வாங்க சிஸ்டர் என்றார். உங்கள் கல்யாணத்தன்று முதல்முறையாக அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதும் நீ மாலையோடு திரும்பி, “அவளப் போயி சிஸ்டர்னு கூப்புடாதீங்க, நாளைக்கே மடத்துல சேந்துடப்போறா” என்றது ஞாபகம் வந்தது. வண்டி வழக்கம்போலக் கண்ணாடி மாதிரி இருந்தது. மோட்டார் ரீவைண்டிங் கடை நடத்துகிறவர்களில் கையில் கிரீஸ் இல்லாதவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கடையை மூடும் முன் ஸ்பேனரைக்கூடத் துடைத்து வைக்கிற மனிதருக்கு நீ வாழ்க்கைப்பட்டாய்.

நான் எப்போது உங்கள் வீட்டுக்கு வந்தாலும் இது நடக்கும். அவர் மாடி அறை ஷெல்ஃப் முன்னால் போய் நிற்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார். பிறகு, “ஊரு பஸ்ஸெல்லாம் செய்யத் தெரியிது. ஒரு துணி எடுத்துத் தொடைக்கத் தெரியல” என்பார். கை நீளும். “அதத் தொடாதீங்க” என்பாய், திரும்பிக்கூடப் பார்க்காமல். உடைந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்பது அவர் எண்ணம். நீ என்னைப் பார்ப்பாய். நான் காபி டம்ளருக்குள் பார்ப்பேன்.

அவரிடம் ஏண்டி சொல்லாமல் இருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாய். கையை நிறுத்தாமல் நீ சொன்ன பதிலை நான் யாரிடமும் சொன்னதில்லை. நேற்று வரைக்கும்.

கூடத்தில் பெரிய செய்தித்தாள் விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். பஸ் மட்டும் ஏற்கெனவே கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் மின்னிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காததுபோல உட்கார்ந்து, உன் பவுடர் பிரஷ்ஷையும் ரப்பர் பல்பையும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் உன் பிஸ்கட் டின்னுக்குள்தான் இருந்தன, டப்பாக்களோடு.

கரும்பு டிராக்டரிலிருந்து தொடங்கினேன். நீ சொன்ன கணக்குதான். மேலே படிந்தது வீட்டினுடையது, கீழேயிருந்து ஏறியது உன்னுடையது. இஞ்சின் மூடியின் மேல், சீட்டின் மேல், கரும்புக் கட்டின் மேல், பிரஷ்ஷை எடை இல்லாமல் ஓட்டினேன். மென்மையான சாம்பல்நிறப் பஞ்சுபோல அது எழுந்து வந்தது. நீ போன பிறகு அந்த வீட்டில் படிந்தது அது. மூலைகளில் ரப்பர் பல்பை அமுக்கிக் காற்று விட்டேன். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், பசை இளகும் என்று நீ என் தலையில் குட்டியது நினைவிருக்கிறது. சக்கரத்துப் பள்ளங்களில் இருந்த சேத்தியாத்தோப்பு வண்டலை விட்டுவிட்டேன். பூக்கடைக்கு வந்தேன். அரிசி அளவுச் சரங்களில் ஒன்றும் உதிரவில்லை. கூரையை மட்டும் துடைத்துவிட்டு, கடைக்கு முன்னால் நடமாட்டத்தில் தேய்ந்த தரையை அப்படியே விட்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். “மேல மட்டும் தொடைக்கிறீங்க. சைடுல அப்டியே இருக்குதே?”

இதற்காகத்தான் புதன்கிழமையிலிருந்து வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, “அது தூசி இல்லண்ணா. அவ போட்டது” என்றேன்.

ஆலப்பாக்கம், டிக்கெட், நைலான் துப்பட்டா எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிஸ்கட் டின்னிலிருந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினேன். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கழுவும்போதே ஒருமாதிரியாத்தான் இருந்துச்சி சிஸ்டர். தண்ணி ஊத்தினா போவல. வெரல வச்சித் தேச்சாத்தான் போச்சி. என்னாடா தூசி இவ்ளோ பிடிவாதமா இருக்குதுன்னு நெனச்சேன்.” பஸ்ஸின் பக்கவாட்டை விரலால் தடவினார். “நிறுத்தியிருக்கலாம்.”

பிறகு மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு, எவ்வளவு திட்டியிருப்பேன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார். அந்தக் குரலைக் கேட்டதும்தான், இத்தனை வருஷம் நான் வைத்திருந்ததைக் கொடுக்கவேண்டியவர் இவர்தான் என்று தோன்றியது. நீ சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே சொன்னதை அப்படியே சொன்னேன். “சொல்லிட்டா திட்ட மாட்டாரு. திட்டலன்னா அந்த ஷெல்ஃபு பக்கமே வர மாட்டாரு. இப்ப பாரு, திட்டுறதுக்காவது வந்து ஒவ்வொண்ணா உத்து உத்துப் பாக்குறாரு.”

அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டேயிருந்தார். பிறகு பஸ்ஸைப் பார்த்து, “கள்ளி” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நீ இருந்திருக்கவேண்டும்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, நீங்களே மறுபடி போட்டுக் கொடுத்துவிடுங்கள் சிஸ்டர், உங்களுக்குத்தான் தெரியும் என்றார். எனக்குப் பார்க்கத்தான் தெரியும், போட்டதில்லை என்றேன். மோட்டாருக்குக் கம்பி சுற்றிய கை உங்களுடையது, நீங்கள் போடுங்கள், நான் சொல்கிறேன் என்றேன். போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று நீ என் அம்மாவிடம் சொன்னதையும் சொன்னேன். அவர் கடைக்குப் போய், நூல் மாதிரி மெல்லிய கம்பியைப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார். பசை கரைத்தோம். அந்த ரோட்டு மண் எது என்று டப்பாக்களைத் திறந்து மூடித் தேடி, சாம்பலும் மஞ்சளுமாக இருந்ததைக் கண்டுபிடித்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

முதல் பூச்சு சேற்றில் இறங்கி ஏறின பஸ் மாதிரி ஆகிவிட்டது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினோம். சக்கரத்தண்டை ஜாஸ்தி, மேலே போகப்போகக் கம்மி, படிக்கட்டுக்கிட்ட வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒற்றினார். ஏன் படிக்கட்டுக்கிட்ட வேண்டாம் என்று கேட்டார். ஆட்கள் உரசி உரசிப் போய்விடும் என்றேன். அவர் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, ஏறி இறங்குகிற இல்லாத ஆட்களைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

அப்போது எனக்கு மருத்துவமனையில் உன் கடைசி வாரம் நினைவு வந்தது. மல்லாந்து படுத்திருந்தாய். பேசுவது குறைந்துபோயிருந்தது. மின்சாரம் போய் மேலே ஃபேன் நின்றது. நர்ஸைக் கூப்பிட நான் எழுந்தபோது என் கையைத் தொட்டு, “எறக்கையோட முன் ஓரத்தப் பாரு. அங்கதான் ஜாஸ்தி” என்றாய். நான் அண்ணாந்து பார்த்தேன். ஆமாம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற ஓரத்தில்தான் தூசி கறுப்பாகக் கோடு கட்டியிருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக ஃபேனுக்குக் கீழே படுக்கிறேன், அதைப் பார்த்ததில்லை. மின்சாரம் வந்து ஃபேன் சுற்றத் தொடங்கும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம்தான் முடிந்தது. பூச்சு காயவேண்டும், அதோடு டப்பாவும் காலியாகிவிட்டது. உன் கை அளவுக்கு வரவில்லை. நீ போட்டது பல வருஷம் ஓடின பஸ். இது நேற்று சீர்காழி வரைக்கும் போய்வந்த பஸ். அவர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பூசின பக்கம் வெளியே தெரிய, கழுவின பக்கம் சுவரைப் பார்க்க, அலமாரியில் வைத்தார். என் அம்மா துடைத்த பிறகு நீ குடிலில் வைத்ததும் அப்படித்தான் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இன்று மாலை போன் செய்தார். வந்தவர்களுக்கு எல்லாம் திருப்தியாம், தை பிறந்ததும் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதை அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டு, பஸ் கதைக்கு வந்தார். பையனின் அம்மா அலமாரி கிட்டே போய்ப் பார்த்திருக்கிறார். எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள், பாவம், தூசி படிந்துபோயிருக்கிறதே என்று கண்ணாடியைத் தள்ளி முந்தானையை எடுத்திருக்கிறார்.

“அதத் தொடாதீங்கம்மான்னேன்” என்றார் உன் வீட்டுக்காரர்.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

அந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டு திகைத்திருக்கிறார். அது அழுக்கு இல்லீங்க, மற்றதிலெல்லாம் இருப்பது அவள் போட்டது, பஸ்ஸில் இருப்பது மட்டும் நான் போட்டது என்று இவர் சொல்லியிருக்கிறார். தூசியைப் போய் யாராவது போடுவார்களா என்று அவர் கேட்க, இவர் ஆலப்பாக்கத்தில் பஞ்சரான பஸ்ஸிலிருந்து ஆரம்பித்துவிட்டார். பையனின் அப்பா எழுந்துவந்து, மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாராம். கேசரி ஆறிப்போய்விட்டதாம். உன் மகள் உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, தான் கேட்டேயிராத அம்மா கதையைக் கேட்டாளாம். “அவ அழுவுறாளா சிரிக்கிறாளான்னு தெரியல சிஸ்டர். பொண்ணு பாக்க வந்தவங்க பஸ்ஸத்தான் பாத்துட்டுப் போனாங்க” என்றார்.

போனை வைப்பதற்கு முன், கழுவின அந்தப் பக்கத்துக்கு மண் வேண்டுமே என்றார். பார்க்கலாம் அண்ணா என்றேன்.

நேற்று திரும்பி வரும்போது நடந்த ஒன்றை அவரிடமும் சொல்லவில்லை. முதுநகரில் இறங்கினேன். இறங்கினவர்கள் எல்லோரும் போனார்கள். பஸ் கிளம்பாமல் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. நான் பின்சக்கரத்துப் பக்கம் போனேன். விசிறிபோல விரிந்து மேலே ஏறியிருந்தது. ஜன்னல் கிட்டே மெலிந்திருந்தது. படிக்கட்டுக்கிட்டே இல்லை. புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். இப்போதைய டிக்கெட் மெல்லிசுத் தாள். கிழிந்துவிடப்போகிறதென்று இரண்டாக மடித்துக்கொண்டு, மட்கார்டிலிருந்து நகத்தால் சுரண்டினேன். நேரம் ஆகிவிட்டதென்று கண்டக்டர் இறங்கி வந்து தலைக்கு மேல் நின்றார். என் மகன் வயசு இருக்கும்.

“என்னாம்மா, எதுனா விழுந்துடிச்சா?”

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள்கூட இருந்தார்கள். அன்றைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டவள் நான்.

“இல்லப்பா. தூசி எடுக்குறேன்” என்றேன்.

டிக்கெட் என் கைப்பையில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை நைலான் துணியில் சலித்து எடுத்துக்கொண்டு போவேன். அந்தப் பக்கத்தையும் அவரே போடட்டும்.